மின்னணுவியல் மாணவர் பேஸ் இசைஞரான விதம்: ஜான் டீக்கன் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேள்வி

என்னிடம் பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார்) கற்க வருகிறவர்களில் பலர் கோவையின் பீளமேடு, சரவணம்பட்டி, குனியமுத்தூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் படிப்பவர்கள். சிலர் ஈரோட்டிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் சனிக்கிழமை பேருந்தேறி வருகிறார்கள். இவர்கள் எல்லோருடைய வீட்டிலும் எழுகிற கேள்வி ஒன்றுதான்: படிப்பா, பேண்டா? அந்தக் கேள்வியைக் கேட்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தறிப்பட்டறையிலும் தோட்டத்திலும் பாடுபட்டுக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற குடும்பத்துக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆனாலும் அந்தக் கேள்வி, இரண்டில் ஒன்றை விட்டால்தான் மற்றொன்று கிடைக்கும் என்ற எண்ணத்தைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் மனத்தில் ஆழமாகப் பதித்துவிடுகிறது. அப்படி ஒன்றை விடாமலே வளர்ந்த ஒரு ராக் பேஸ் இசைஞரின் தொடக்க ஆண்டுகளை வரிசைப்படுத்தி எழுதிவைத்தால், மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே பேசுவதற்கு ஓர் ஆதாரம் இருக்கும் என்று கருதியே, இங்கிலாந்தின் புகழ்பெற்ற ராக் குழுவான குயீனின் பேஸ் இசைஞர் ஜான் டீக்கனை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன்.

என் முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீக்கன் படித்த மின்னணுவியலை, இசை கைகொடுக்காவிட்டால் பிழைத்துக்கொள்வதற்கான மாற்றுவழி என்று மட்டும் பார்ப்பது தவறு. அவர் எந்தக் குழுவில் சேர்ந்தார், அங்கே எதற்காக மதிக்கப்பட்டார், எப்படி வாசித்தார் என்ற மூன்றிலும் அந்தப் படிப்புக்கு நேரடிப் பங்கு இருந்தது.

லெஸ்டர் ஆண்டுகள்

ஜான் ரிச்சர்ட் டீக்கன் 1951 ஆகஸ்ட் 19 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தார். நம் திருப்பூரைப் போலவே பின்னலாடைத் தொழிலால் வளர்ந்த நகரம் அது. அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் பிரசிஷன் பேஸ் என்ற கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே 1951-இல்தான். பெரிய மரப்பெட்டி போன்ற டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்த காலம் அதோடு முடியத் தொடங்கியது. பேஸ் என்பது தோளில் மாட்டி வாசிக்கிற, மின்சாரத்தால் ஒலிக்கிற வாத்தியமாயிற்று. ஆகவே டீக்கனின் தலைமுறைதான் மின்சார பேஸைத் தன் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த முதல் தலைமுறை.

தந்தை காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்தவர். குடும்பம் 1960-இல் லெஸ்டரை ஒட்டிய ஓட்பி என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் தந்தை இறந்துவிட்டார். அப்போது ஜானுக்குப் பதினொரு வயதுகூட நிறைந்திருக்கவில்லை அல்லது அப்போதுதான் நிறைந்திருந்தது. இந்த இழப்பைக் கொண்டு அவருடைய அமைதியான சுபாவத்துக்கு விளக்கம் சொல்வோர் உண்டு. அப்படி எளிதாக முடிச்சுப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தெரிந்த செய்திகளே போதுமானவை. ஏழு வயதில் கிடைத்த பிளாஸ்டிக் பொம்மைக் கிட்டாருக்குப் பிறகு, வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டுச் சேர்த்த பணத்தில் பன்னிரண்டு வயதை ஒட்டி ஓர் உண்மையான கிட்டாரை வாங்கினார். அதே காலத்தில் பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஒன்றின் உள்ளமைப்பை மாற்றி, வானொலியில் வரும் பாட்டு நேராக நாடாவில் பதிவாகும்படி செய்துகொண்டார். பீட்டில்ஸ் குழுவின் பாட்டைக் கேட்க விரும்பிய சிறுவர்கள் இங்கிலாந்தில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் கருவியின் மூடியைக் கழற்றத் துணிந்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே. வாத்தியத்தையும் கருவியையும் ஒரே ஆர்வத்தோடு அணுகிய பிள்ளை அவர் என்பது இந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

1965-இல் பள்ளி நண்பர்கள் சேர்ந்து 'தி ஆப்போசிஷன்' என்ற பெயரில் குழு ஒன்றை நடத்தினார்கள். டீக்கன் அதில் ரிதம் கிட்டார், அதாவது பாட்டுக்குத் துணையாகத் தாளத்தோடு ஒலிக்கும் கிட்டார், வாசித்தார். மறு ஆண்டு, குழுவின் பேஸ் இசைஞர் போதிய தேர்ச்சி காட்டவில்லை என்று விலக்கப்பட்டபோது, அந்த இடத்துக்கு டீக்கன் மாறினார். பேஸ் இசைஞர்களின் வரலாற்றில் இந்த நிகழ்வு மறுபடி மறுபடி வருகிறது. விரும்பி பேஸ் எடுத்தவர்களைவிட, ஆளில்லாத இடத்தை நிரப்ப எடுத்தவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்க் கல்லூரிக் குழுக்களிலும் அப்படித்தான்: மெட்டை முன்னின்று வாசிக்கும் லீட் கிட்டாருக்கு இருவர் போட்டியிடுவார்கள், தோற்றவர் கையில் பேஸ் கொடுக்கப்படும். டீக்கனைப் பொறுத்தவரை, அவர் அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டதற்கு எந்தத் தடயமும் இல்லை. லெஸ்டர் வட்டாரத்து இளைஞர் மன்றங்களிலும் சிற்றூர்க் கூடங்களிலும் 1969 வரை அந்தக் குழுவோடு தொடர்ந்து வாசித்தார். பதினைந்து வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை, பெரிய புகழ் எதுவும் எதிர்பாராமல், உள்ளூர்க்காரர்கள் ஆடுவதற்கு வாசித்துப் பழகிய அந்த ஆண்டுகளைத்தான் அவருடைய உண்மையான பயிற்சிக் காலம் என்று நான் கொள்கிறேன். ஆடுகிறவர்களின் காலை நிறுத்தாமல் வாசிப்பது எப்படி என்பதை எந்த வகுப்பறையும் கற்றுக்கொடுக்க முடியாது.

லண்டன்: 1969 முதல் 1971 வரை

1969 இலையுதிர் காலத்தில் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செல்சி கல்லூரியில் மின்னணுவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தார். பேஸ் கிட்டாரையும் அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பையும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தார். படிப்புக்கு வந்த இடத்தில் படிப்பே போதும் என்று நினைத்திருக்க வேண்டும். அந்த எண்ணம் நெடுநாள் நிற்கவில்லை. 1970 அக்டோபரில் குயீன் என்ற புதிய குழுவின் நிகழ்ச்சியை ஒருமுறை பார்த்தார். அது தம் மனத்தில் நிற்கவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். நவம்பரில் தம்மோடு தங்கியிருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, தம் குடும்பப் பெயரையே குழுவின் பெயராக வைத்து, கல்லூரியில் ஒரே ஒரு நிகழ்ச்சி நடத்தினார். அதோடு அந்தக் குழு கலைந்தது.

குயீன் குழுவில் அப்போது மூவர்தான் நிலையாக இருந்தார்கள். பிரையன் மே இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் படித்து, வானியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். அவர் வாசித்த கிட்டார், தந்தையோடு சேர்ந்து பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம் முதலியவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்தது. ரோஜர் டெய்லர் பல் மருத்துவம் படிக்க லண்டனுக்கு வந்து, அதை விட்டு உயிரியலுக்கு மாறியவர். ஃபிரெடி மெர்க்குரி சான்சிபாரில் பிறந்து, மகாராட்டிரத்தின் பஞ்சகனியில் பள்ளிப் படிப்பு படித்து, லண்டனில் ஓவியக் கல்லூரி முடித்தவர். பேஸ் வாசிக்க மூவர் அடுத்தடுத்து வந்து போய்விட்டார்கள். 1971 தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் நடன நிகழ்ச்சியில், பொது நண்பர் ஒருவர் மூலம் மேயையும் டெய்லரையும் டீக்கன் சந்தித்தார். சில நாட்களில் இம்பீரியல் கல்லூரி விரிவுரைக் கூடத்தில் வாசித்துக் காட்டி, குழுவில் நான்காவது ஆளாகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது, நால்வரிலும் இளையவர்.

அவரை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு மற்ற மூவரும் பிற்காலத்தில் சொன்ன காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. நன்றாக வாசித்தார், அதிகம் பேசவில்லை, மின்னணுவியல் தெரிந்தவர். இந்த மூன்றாவது காரணத்தை நம் மாணவர்கள் வழக்கமாகக் கவனிப்பதில்லை. ஆம்ப் திடீரென்று ஓய்ந்துபோவதும், ஒயர் அறுந்து மேடையே ஊமையாகிவிடுவதும் அன்றாடம் நடக்கிற ஒரு தொழிலில், பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் குழுவுக்குள்ளேயே இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பது மேடை ஏறியவர்களுக்குத்தான் தெரியும். அந்த மூவரும் அறிவியல் கூடங்களிலும் கலைக்கூடங்களிலும் காலம் கழித்தவர்கள் என்பதால், அதன் மதிப்பை உடனே உணர்ந்தார்கள்.

சேர்ந்த பிறகு அவர் படிப்பை நிறுத்தவில்லை. அந்த ஆண்டு நடுவில் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். ஜூலை 2 அன்று குழுவோடு முதல் முறையாக மேடையேறினார். இந்த இரண்டு செய்திகளும் சில வார இடைவெளியில் நிகழ்ந்தவை என்பதை, தேர்வுக்கு மட்டம் போட்டுவிட்டு ஒத்திகைக்கு வரும் மாணவர்களிடம் நான் தவறாமல் எடுத்துச் சொல்கிறேன்.

குப்பைத்தொட்டியில் கிடைத்த சர்க்யூட்

1970-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்வு இந்த ஆய்வின் மையம் என்று சொல்லலாம். லண்டன் தெருவோரக் குப்பைத்தொட்டி ஒன்றில் ஒயர்கள் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சர்க்யூட் பலகையை டீக்கன் கண்டார். எடுத்துவந்து சோதித்ததில் அது ஒலிபெருக்கும் சர்க்யூட் என்று தெரிந்தது. அதை, புத்தக அலமாரியில் வைக்கும் அளவுள்ள பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும்படி செய்தார். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ அதில் ஒரு திருகுகூடக் கிடையாது. வீட்டில் கிட்டார் பழகுவதற்காக அவர் செய்துகொண்ட பெட்டி அது.

பிரையன் மே தம் கிட்டாரை அதில் இணைத்துப் பார்த்தபோது, எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு நாதம் வந்தது. பலகையில் இருந்தவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களும் குட்டி டிரான்ஸ்பார்மர்களும். தாங்கும் அளவைவிடக் கூடுதலான மின் அலை அவற்றுக்குள் போனால், ஒலி கரகரவென்று உடையாமல் மெல்ல மெல்லக் கனிந்து உடைகிறது; வயலின் இழுப்புக்கும் ஊதுவாத்தியத்துக்கும் நெருக்கமான தன்மை அதில் வருகிறது. குழுவின் பாட்டுகளில் பல கிட்டார்கள் சேர்ந்து ஓர் இசைக்குழாம் போல ஒலிக்கிற இடங்களில் பல, இந்தப் பெட்டி வழியாகப் பதிவானவை. 1975-இல் வந்த 'குட் கம்பெனி' என்ற பாட்டில் ஒரு முழு ஜாஸ் குழு வாசிப்பது போலக் கேட்பது அனைத்தும் மேயின் கிட்டார்தான். இந்தப் பெட்டிக்கு 'டீக்கி ஆம்ப்' என்று பெயர் வந்தது. அந்தச் சர்க்யூட், ஆப்பிரிக்காவில் சூப்பர்சோனிக் என்ற நிறுவனம் தயாரித்த கையடக்க வானொலிப் பெட்டியினுடையது என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு கண்டறியப்பட்டது.

கோவைக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே தேவையில்லை. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்த ஊர் இது. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் பாகம் பொறுக்கிப் பழுதுபார்த்தே தொழில் கற்றவர்கள் ஒவ்வொரு வீதியிலும் இருக்கிறார்கள். என் மாணவர் ஒருவரின் தந்தை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். மகன் பேஸ் கற்பதில் அவருக்கு விருப்பமில்லை. கட்டணம் கட்ட வந்த அன்று, பழுதான ஒரு பிரசிஷன் வகை பேஸின் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகத்தை) நான் கழற்றி மேசையில் வைத்திருந்தேன். தலைமுடி அளவு மெல்லிய செப்புக் கம்பி, காந்தத் துண்டுகளைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருந்தது. அவர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இதுக்குள்ளயும் காயில்தானுங்களா?"

"ஆமாங்க. மேலே தந்தி ஆடுதுல்லீங்களா, அந்த ஆட்டத்துக்கு இதுல கரண்டு வரும்."

"அப்ப நம்ம மோட்டாருக்கு எதிர்மாறுங்க. அதுல கரண்டு குடுத்தாச் சுத்துது. இதுல ஆட்டுனாக் கரண்டு வருது. ரெண்டு காயிலயும் திருப்பித் திருப்பிச் சுத்தியிருக்கறது எதுக்குங்க, இரைச்சல் அடங்கறதுக்குங்களா?"

அதற்காகவேதான். ஃபெண்டர் நிறுவனம் 1957-இல் பிரசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, இரண்டு காயில்களையும் எதிரெதிர்த் திசையில் அமைத்தது மின்சார இரைச்சலை ஒழிப்பதற்காகத்தான். ஒரு பேஸ் கிட்டாரை வாழ்நாளில் தொட்டிராத அவர், அதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். டீக்கன் தம் வாழ்நாளில் பெரும்பகுதி வாசித்ததும் பிரசிஷன் வகைதான். அந்த மாணவர் தந்தையின் பட்டறையில் கற்றதும் என் வகுப்பில் கற்பதும் ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்று அன்றைக்கு அந்த மேசையருகே மூவருக்குமே விளங்கியது. மகன் அடுத்த மாதமும் வந்தார்.

1973 முதல் 1980 வரை: வாசிப்பும் பாட்டும்

குழுவின் முதல் ஆல்பம் 1973 ஜூலையில் வெளிவந்தது. அதில் இவர் பெயர் 'டீக்கன் ஜான்' என்று மாற்றி அச்சிடப்பட்டது. அடுத்தடுத்த ஆல்பங்களில் சரிசெய்யப்பட்டது. அவர் எழுதிய முதல் பாட்டு 1974-இல் மூன்றாவது ஆல்பத்தில் இடம்பெற்றது. 1975-இல் 'யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரண்ட்' பாட்டுக்காக மின்சாரப் பியானோ ஒன்றை வீட்டில் வைத்துப் பழகினார். மெர்க்குரிக்கு அந்தப் பியானோவின் ஒலி பிடிக்கவில்லை என்பதால் பதிவில் டீக்கனே வாசித்தார். பாட்டு இங்கிலாந்தில் முதல் பத்துக்குள் வந்தது.

1980-இல் வந்த 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' அவர் எழுதியது. அமெரிக்காவின் சிக் குழு 1979-இல் வெளியிட்ட 'குட் டைம்ஸ்' பாட்டின் பேஸ் ஓட்டம் அதற்குத் தூண்டுதல். பேஸ் மட்டுமின்றிக் கிட்டார் முதலிய வேறு வாத்தியங்களையும் பதிவில் டீக்கனே வாசித்தார். அந்த ஆண்டு அக்டோபரில் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறி மூன்று வாரம் நின்றது.

அந்தப் பேஸ் வரியை வகுப்பில் கற்பிக்கும்போது மாணவர்கள் சுரங்களைச் சில நிமிடங்களில் பிடித்துவிடுகிறார்கள். திறந்த நான்காம் தந்தியில் மூன்று அடி, பிறகு சிறு நகர்வு. எண்ணி மூன்று சுரங்களுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. அவர்களால் முடியாதது அந்த மூன்று அடிகளுக்கு நடுவிலுள்ள அமைதிதான். அந்தத் தடித்த தந்தி, தொட்டுவிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்ந்துகொண்டே இருக்கும், தானாக உடனே நிற்காது. அடுத்த தாளத்துக்கு முன் அதைத் துல்லியமாக நிறுத்த, இடக்கை விரல்கள் தந்தியின் மேல் படர வேண்டும், வலக்கை விரல் திரும்பி அமர வேண்டும். ஒலிக்கிற நேரத்தைப் போலவே ஒலிக்காத நேரத்தையும் அளந்து வைக்கிற வாசிப்பு அது. சர்க்யூட்டில் தேவையில்லாத ஒரு பாகத்தையும் சேர்க்காத மனப்பழக்கத்தின் தடம் அந்த வரியில் இருக்கிறது என்பது என் கருத்து. இதை நிரூபிக்க முடியாது. ஆனால் அவருடைய மற்ற வரிகளையும் வரிசையாகக் கேட்பவர்கள் இந்தச் சிக்கனத்தை எங்கும் காண்பார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான். 1974 இறுதியில் குழுவின் பாட்டு இங்கிலாந்துப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறிய பிறகும், நால்வரும் வாரச் சம்பளத்தில்தான் காலம் தள்ளினார்கள். திருமணமான புதிதில் டீக்கன் வீட்டுக்கு முன்பணம் கேட்டபோது நிர்வாகம் மறுத்துவிட்டது. 1975-இல் அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறிய பின்னரே நிலைமை மாறியது. அதன்பின் கணக்குவழக்கில் கண்ணாக இருந்தவர் என்று குழுவில் அறியப்பட்டவரும் டீக்கனே.

மெர்க்குரி 1991 நவம்பரில் மறைந்தார். 1997 ஜனவரியில் பாரிசில் ஒருமுறை மற்ற இருவரோடு மேடையேறிய டீக்கன், அதன்பின் இசைத் தொழிலிலிருந்தே விலகிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து.

கொங்கு நாட்டில் பொருந்துவதும் பொருந்தாததும்

இந்த நிகழ்வை அப்படியே நம் ஊருக்குப் பெயர்த்து நட முடியாது. டீக்கனுக்குப் பதினான்கு வயதிலேயே மேடை கிடைத்தது. ஒவ்வொரு சிற்றூரிலும் இளைஞர் மன்றக் கூடம் இருந்தது. இங்கே பள்ளி மாணவருக்கு அப்படி ஓர் இடம் இல்லை. கல்லூரிக் கலைவிழாவும், மாரியம்மன் நோம்பி மேடையில் நடக்கும் மெல்லிசைக் கச்சேரியும்தான் முதல் வாய்ப்புகள். அந்தக் கச்சேரிகளிலும் செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் நிறுத்தப்படுபவர் பேஸ் வாசிப்பவரே; கீபோர்டுக்காரர் இடக்கையால் அதைச் சமாளித்துவிடுவார் என்று எண்ணுகிறார்கள். இந்த வழக்கம் எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் தனியொரு குரலாக நடந்து போவதை, கோவை–பொள்ளாச்சி தனியார் பேருந்துகளில் இருக்கைக்கடியில் அதிரும் ஸ்பீக்கர் வழியாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காது பழகியிருக்கிறது, வாசிக்கிற ஆளுக்குத்தான் மேடையில் இடம் கொடுக்க மறுக்கிறோம்.

பொருந்துவது எது என்றால், அவர் இரண்டையும் ஒன்றாக நடத்திய விதம். பொறியியல் படிக்கும் பேஸ் மாணவருக்கு நம் பகுதியில் உள்ள வாய்ப்பு லெஸ்டரில் இருந்ததைவிடக் குறைந்ததல்ல: ஆய்வுக்கூடம் இருக்கிறது, பட்டறை இருக்கிறது, வீட்டிலேயே காயில் கட்டத் தெரிந்தவர் இருக்கிறார். ஆகவே இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் பாடமாக, தம் பேஸின் மூடியைக் கழற்றி, பிக்கப்பிலிருந்து, ஆம்ப் ஒயரைச் செருகும் ஜாக் வரை ஒயர் எப்படிப் போகிறது என்று தாளில் வரையச் சொல்கிறேன். இரண்டாவதாக, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய ஆம்ப் ஒன்றைத் தாமே சால்டர் வைத்துச் செய்துவரச் சொல்கிறேன். அது முடிந்த பிறகே 1980-இன் அந்த மூன்று அடிகளுக்குப் போகிறோம். ஆம்ப் செய்வதற்கு வீட்டில் யாரிடமாவது உதவி கேட்கலாம் என்பது மட்டுமே அதில் விதி. இந்தப் பருவத்தில் மூன்று தந்தையரும் ஒரு தாய்மாமனும் வகுப்புக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சால்டர் வைத்தார்கள்.